கண்ணாடி போன்ற கடலும் காது வலியும்

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறோம். கோடை விடுமுறைக்கு அந்தமான் போனபோது ஹேவ்லாக்கில் என் 11 வயது மகன் ஸ்நோர்கெலிங் செய்தான். கண்ணாடி மாதிரி தண்ணீர், ஒன்றும் ஆகவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை, மழை விட்ட மறுநாள், சில்வர் பீச்சில் ஒரு மணி நேரம் குளித்தான். செவ்வாய்க்கிழமை காது வலி ஆரம்பித்தது. இட்லிகூட மெல்ல முடியவில்லை. இரண்டு நாள் பேதியும் இருந்தது. மாமியார் பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயைக் காதில் விட்டார். நம் ஊர்க் கலங்கல் தண்ணீர்தான் காரணமா? இனி இவனைக் கடலில் இறக்கவே கூடாதா? மாமியாருக்குச் சர்க்கரை உண்டு. அவரும் முழங்கால் தண்ணீரில் நின்றார்.

மருத்துவர் பதில்:

முதலில் எண்ணெயை நிறுத்துங்கள். மாமியாரைக் கோபித்துக்கொள்ள வேண்டாம், என் பாட்டியும் இதைத்தான் செய்தார். ஆனால் ஈரத்தில் ஊறிப்போன காதுக்குள் எண்ணெய் போனால் அந்த ஈரம் உலராது.

பையனின் காது மடலை லேசாகப் பின்னால் இழுத்துப் பாருங்கள். காதுத் துளைக்கு முன்னால் சின்ன மேடு ஒன்று இருக்கும், அதையும் மெதுவாக அழுத்துங்கள். 'ஆ'வென்று கத்தினால் கோளாறு பெரும்பாலும் செவிப்பறைக்கு வெளியே, காதுக் குழாயின் தோலில். சளி பிடித்துச் செவிப்பறைக்குப் பின்னால், நடுக்காதில் வரும் வலியில், மடலை இழுத்தால் பொதுவாக இப்படி வலிக்காது. தாடை மூட்டு காதுக் குழாயை ஒட்டியே இருப்பதால்தான் இட்லி மெல்லுவதும் பாடாக இருக்கிறது.

காதுக் குரும்பி அழுக்கு இல்லை. லேசான அமிலத்தன்மையோடு தோலுக்குக் காவலாக இருக்கும் பொருள் அது. நீண்ட நேரம் தண்ணீரில் ஊறினால் அந்தக் காவல் போய்விடும். தோல் மெத்தென்று ஆன நேரத்தில் மணல் உராய்ந்தாலோ, வீட்டுக்கு வந்து பட்ஸ் விட்டுக் குடைந்தாலோ, சூடோமோனாஸ் போன்ற கிருமிகள் உள்ளே புகுந்துவிடும். இந்தக் கிருமி ஆற்றிலும் இருக்கும், நீச்சல் குளத்திலும் இருக்கும். அதனால் காது வலியைப் பொறுத்தவரை கடலின் நிறத்தை முழுக்கக் குற்றம் சொல்ல மாட்டேன். பளிங்கு போன்ற கடலில் தினமும் முக்குளிப்பவர்களுக்கும் இந்தத் தொல்லை வரும்.

ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். செவிப்பறையில் ஓட்டை இல்லை என்று பார்த்த பிறகுதான் எந்தச் சொட்டு மருந்து என்று முடிவு செய்ய வேண்டும். வழக்கமாக ஒரு வாரம் போடச் சொல்வார்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்துச் சொட்டு விட்டு, சில நிமிடம் அப்படியே இருக்கட்டும். ஏழு முதல் பத்து நாள் காதில் தண்ணீர் படக்கூடாது.

பேதி வேறு கதை. அங்கேதான் எனக்குக் கடல் மேல் சந்தேகம். அலையில் விளையாடும் பிள்ளை நாலு மடக்காவது விழுங்கியிருப்பான். பெண்ணையாறு தாழங்குடாவில் கடலில் கலக்கிறது, கெடிலம் தேவனாம்பட்டினத்துக்குப் பக்கத்தில். சில்வர் பீச் இரண்டுக்கும் அண்டையில்தான் இருக்கிறது. மழை பெய்தால் தெருச் சாக்கடை, வாய்க்கால், வயல்வெளி என்று எல்லாத் தண்ணீரும் இந்த முகத்துவாரங்கள் வழியாக வெளியேறும். நீங்கள் பார்த்த கலங்கலில் பெரும்பகுதி வண்டலும் மணலும்தான். அவற்றால் நோய் வராது. கூடவே வரும் மலக்கிருமிகளால்தான் வரும், அவை கண்ணுக்குத் தெரியாது. ஒரு கிராம் மலத்தில் கோடிக்கணக்கில் கிருமிகள் உண்டு. அதைத் தெளிந்த நீரில் கரைத்தாலும் தண்ணீர் தெளிவாகத்தான் தெரியும்.

அதற்காக நிறத்துக்கு அர்த்தமே இல்லை என்று சொல்லவில்லை. தெளிந்த நீரில் வெயில் ஆழம்வரை இறங்கிக் கிருமியைக் கொல்லும், வண்டல் நீரில் கிருமிக்கு நிழல் கிடைத்துவிடும். ஹேவ்லாக்கில் நம் பெண்ணையாறு மாதிரி வண்டல் கொண்டுவரும் ஆறு கிடையாது, தண்ணீர் தெளிவாக இருக்க அது ஒரு காரணம். ஆனால் குளிக்கத் தகுந்த கடலா என்பதை ஆய்வுக்கூடத்தில்தான் சொல்ல முடியும். நம் நாட்டு அளவுகோல்படி 100 மில்லி கடல்நீரில் மலக் கோலிபார்ம் கிருமி 100-க்கு மேல் போகக்கூடாது. புதுச்சேரி சின்ன வீராம்பட்டினத்து ஈடன் பீச், சுத்தமான கடற்கரைகளுக்குத் தரும் சர்வதேச நீலக்கொடிச் சான்றை 2021-ல் பெற்றது. அந்தச் சான்றுக்குத் தண்ணீரை அவ்வப்போது சோதித்தாக வேண்டும். இருந்தாலும் கனமழைக்கு மறுநாள் அங்கேயும் இறங்காதீர்கள் என்றுதான் சொல்வேன்.

ஆக, கடலே வேண்டாம் என்று இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் நல்ல மழை பெய்தால் மூன்று நாள் விட்டுவிடுங்கள். முகத்துவாரத்திலிருந்தும் சாக்கடை விழும் இடத்திலிருந்தும் தள்ளிப் போங்கள். கரையேறியதும் தலையைச் சாய்த்து, மடலை மேலும் பின்னுமாக இழுத்துத் தண்ணீரை வடியவிட்டு, துண்டு நுனியால் வெளிப்புறம் மட்டும் ஒற்றி எடுங்கள். பட்ஸ் டப்பாவைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். பேதி நின்றிருந்தால் மருந்து வேண்டாம். திரும்ப வந்தால் ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு பெரிய ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தைக் கரைத்துக் கொடுங்கள். ரத்தம் போனாலோ, காய்ச்சல் அடித்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ காத்திருக்காதீர்கள்.

பையனைவிட உங்கள் மாமியாரைப் பற்றித்தான் எனக்குக் கவலை. சர்க்கரை இருப்பவர்களின் காலில் சின்ன வெடிப்பு இருந்தாலும், வெதுவெதுப்பான கடல்நீரில் வாழும் விப்ரியோ வகைக் கிருமிகள் அதன் வழியே உள்ளே போகலாம். அது மணிக்கணக்கில் பரவும். இன்றே அவர் பாதத்தை விரல் இடுக்கு உட்பட வெளிச்சத்தில் பாருங்கள். சிவப்பு, வீக்கம், கொப்புளம் எது தெரிந்தாலும் நாளைக்கு என்று தள்ளாமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். கடலில் நின்ற விஷயத்தை அங்கே மறக்காமல் சொல்லுங்கள்.