பானட்டைத் திறங்கள்: பழைய ‘வேக வண்டி’ வாங்கியவர்களின் கேள்விகள்

கேள்வி: அண்ணா, 2014 மாடல் ஃபோக்ஸ்வாகன் போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ. கார் ஒன்றை டீலர் ஒருவரிடம் நாலே கால் லட்சத்துக்கு வாங்கினேன். மீட்டரில் 58,000 கி.மீ. காட்டியது. ஓட்டிப் பார்த்தபோது பறந்தது. வாங்கி மூன்று வாரம்கூட ஆகவில்லை, பெருந்துறை ரோட்டு டிராஃபிக்கில் ஊர்ந்து போனால் வண்டி உதறுகிறது. ஒரு நாள் காலையில் கியர் எழுத்து மின்னியது, ரிவர்ஸ் விழவே இல்லை. ஆஃப் பண்ணி ஆன் பண்ணியதும் சரியாகிவிட்டது. ‘செகண்ட் ஹேண்ட்னா அப்படித்தான் சார்’ என்கிறார் டீலர். ஏமாந்துவிட்டேனா? (வாசகர், ஈரோடு)

பதில்: தம்பி, வண்டி நல்ல வண்டிதான். 2013இல் வந்தபோது, ஷோரூம் விலை எட்டு லட்சத்துக்குள், 105 குதிரைத்திறன் டர்போ பெட்ரோல் எஞ்சின், ஏழு கியர் டி.எஸ்.ஜி. ஆட்டோமேட்டிக் எல்லாம் ஒரே வண்டியில் கிடைத்தது. பத்து வினாடிக்குள் நூறைத் தொடும். ஹாட் ஹேட்ச் (சின்ன உடம்பு, பெரிய வேகம்) என்று நம் ஊர்ப் பையன்கள் சொல்லிக்கொள்ள அது ஒரு வாய்ப்பு. அதனாலேயே நிதானமாக ஓட்டப்பட்ட ஜி.டி. கிடைப்பது கஷ்டம்.

நீங்கள் சொல்லும் இரண்டும் இரண்டு வெவ்வேறு நோய்கள். ஒரே பில்லில் இரண்டையும் சேர்த்து எழுத எந்த மெக்கானிக்கையும் விடாதீர்கள்.

அந்த கியர்பாக்ஸில் எண்ணெயில் ஊறாத உலர் கிளட்ச் இரண்டு இருக்கின்றன. ஒன்று 1, 3, 5, 7ஐப் பார்த்துக்கொள்ளும். மற்றது 2, 4, 6, அத்துடன் ரிவர்ஸ். ஊர்ந்து போகும்போது முதல் கியருக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் உதறினால் கிளட்ச் தேய்ந்திருக்கலாம், அல்லது கம்ப்யூட்டர் கற்றுவைத்திருக்கும் கிளட்ச் அளவு விலகியிருக்கலாம். அளவு விலகியது மட்டும்தான் என்றால் செலவு குறைவு. வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டி, அந்த அளவைப் புதிதாகக் கற்கவைக்கும் ‘பேசிக் செட்டிங்’ செய்து ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். உதறல் திரும்பி வந்தால் கிளட்ச் செட்டைப் பற்றிப் பேசலாம். அதை மாற்றுவதற்கென்று தனி டூல் உண்டு, இடைவெளியை அளந்து ஷிம் என்ற மெல்லிய தகடு போட வேண்டும். ‘நான் அடிச்சு ஏத்திடறேன் சார்’ என்று யாராவது சொன்னால் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

கியர் எழுத்து மின்னுவது மெக்கட்ரானிக்கின் வேலையாக இருக்க வாய்ப்பு அதிகம். கியரையும் கிளட்சையும் எண்ணெய் அழுத்தத்தால் நகர்த்தும் பெட்டி அது. கியர் எண்ணெய் தனி, இந்தப் பெட்டிக்குள் இருக்கும் சுமார் ஒரு லிட்டர் எண்ணெய் தனி. அழுத்தத்தைச் சேமித்துவைக்கும் குப்பி பொருந்தும் இடத்தில் அலுமினிய உடம்பு விரிசல் விடுவது இந்த கியர்பாக்ஸில் உலகம் முழுக்கத் தெரிந்த சங்கதி. விரிசல் விட்டால் எண்ணெய் கசியும், பம்பு ஓயாமல் ஓடும், ஸ்கேனரில் பி17பிஎஃப் என்ற கோளாறுக் குறியீடு வரும். இந்தக் குறியீடு வந்தால் பெட்டி முழுவதையும் மாற்றச் சொல்வார்கள், அது லட்சத்துக்கு மேல் போகும். உடம்பையும் குப்பியையும் மட்டும் மாற்றும் ரிப்பேர் கிட் இருக்கிறது. மின்பலகை நன்றாக இருந்தால் அதுவே போதும். கோயம்புத்தூரிலும் சென்னையிலும் இதையே தொழிலாகச் செய்பவர்கள் இருக்கிறார்கள். அடுத்த முறை ரிவர்ஸ் விழாதபோது 2, 4, 6 விழுகிறதா என்று கவனியுங்கள். ரிவர்ஸோடு அந்த மூன்றும் போய், 1, 3 மட்டும் விழுந்தால் கோளாறு ஒரு பக்கத்தில்தான். எதுவுமே விழாவிட்டால் அழுத்தமே இல்லை என்று அர்த்தம்.

இன்னொன்று. 2013இல் இந்த ஏழு கியர் பெட்டிக்காக உலக அளவில் சுமார் 16 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். உள்ளே இருந்த சிந்தெட்டிக் எண்ணெய் மின்கோளாறுக்கு இடம் கொடுத்ததால் மினரல் எண்ணெய்க்கு மாற்றினார்கள். உங்களுடையது அதற்குப் பிந்தையதுதான். ஆனாலும் சேசிஸ் நம்பரைக் கொடுத்து ‘பாக்கி ஏதும் இருக்கிறதா’ என்று சர்வீஸ் சென்டரில் கேட்டுவிடுங்கள். கேட்பதற்குக் காசு இல்லை.

சரி, ஏமாந்தீர்களா என்பதற்கு வருகிறேன். நீங்கள் பார்க்கப் போனபோது எஞ்சின் சூடாக இருந்ததா? நிச்சயம் இருந்திருக்கும். நீங்கள் வருவதற்குள் வண்டியை இரண்டு ரவுண்டு சுற்றிவிட்டு நிறுத்தியிருப்பார்கள். விடிகாலையில் ஒரு ராத்திரி முழுக்க நின்ற எஞ்சினை நீங்களே ஸ்டார்ட் செய்தால்தான் அது உண்மை பேசும். சைலன்சரில் நீலப் புகை, கூலன்ட் குறைவு, முதல் நிமிடத்துத் தடதடப்பு, கியர் விழத் தாமதம் எல்லாம் அந்த ஐந்து நிமிடத்தில்தான் தெரியும்.

ஸ்கேனரில் கோளாறு ஒன்றும் இல்லை என்று காட்டினார்களா? அங்கேயும் ஒரு தடயம் இருக்கும். கோளாறுக் குறியீடுகளை அழித்தால் ‘ரெடினெஸ்’ என்ற பகுதியில் எஞ்சினின் சுய பரிசோதனைகள் ‘முடியவில்லை’ என்று வந்துவிடும். அவை முடிய வண்டி கொஞ்ச தூரம் பலவிதமாக ஓட வேண்டும். கோளாறு பூஜ்யம், ரெடினெஸ் பாதி காலி என்றால் அன்று காலைதான் துடைத்திருக்கிறார்கள்.

58,000 கி.மீ. என்பதிலும் எனக்குச் சந்தேகம். இந்த வண்டியில் பல கம்ப்யூட்டர்கள். மீட்டரைத் திருப்புகிறவன் எல்லாவற்றையும் திருப்புவதில்லை. கோளாறு விழும்போது எத்தனை கி.மீ. என்பதும் சேர்ந்து பதிவாகும். முழு ஸ்கேனையும் அச்சடித்து வாங்கி ஒவ்வொரு வரியாகப் படியுங்கள். கதவு கம்ப்யூட்டரில் எங்கோ கிடக்கும் பழைய பதிவு 91,000 என்று சொன்னால், டீலரிடம் பேச உங்களுக்கு வேறு பேச்சே தேவையில்லை.

அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு முதலில் எழுத்தில் புகார் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் தபாலிலும் அனுப்புங்கள். பழைய கார் விற்பதையே தொழிலாக வைத்திருப்பவர் நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்டவர். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் வழக்குப் போடலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது, இணையத்திலேயே தாக்கல் செய்யலாம். 2023 ஏப்ரல் முதல் பழைய கார் டீலர்கள் ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரம் வாங்கியிருக்க வேண்டும். அவரிடம் அந்தச் சான்றிதழ் இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பேச்சு உடனே மாறினாலும் மாறும். விளம்பரத்தில் என்ன எழுதியிருந்தார் என்பதற்கு ஸ்க்ரீன்ஷாட் வைத்திருந்தால் நல்லது.

கேள்வி: சென்னையில் 2016 மாடல் ஃபியட் புன்டோ அபார்த் ஒன்று பார்த்திருக்கிறேன். உள்ளே மல்லிகை சென்ட் கமகமவென்று இருக்கிறது. ஒரே ஓனர், முடிச்சூர் முகவரி. வாங்கலாமா? (வாசகர், தாம்பரம்)

பதில்: அபார்த் அபூர்வமான வண்டி. 1.4 லிட்டர் டர்போ, 145 குதிரைத்திறன், நாலு சக்கரத்துக்கும் டிஸ்க். ஆசைப்படுவதில் தப்பில்லை. ஆனால் மல்லிகை வாசனை எதை மூடுகிறது என்று பார்த்துவிட்டு ஆசைப்படுங்கள். 2015 டிசம்பர் வெள்ளம் இந்த வண்டிக்கு முந்தியது, 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளம் அப்படியில்லை. முடிச்சூர் பக்கம் தண்ணீர் எவ்வளவு நின்றது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

டிரைவர் சீட் பெல்ட்டைக் கடைசி அங்குலம் வரை இழுத்துப் பாருங்கள். மேட்டைக் கழுவுவார்கள், சீட்டுக்கு உறை மாற்றுவார்கள், பெல்ட்டின் அடிப்பகுதி சுருளுக்குள்ளேயே தங்கிவிடும். அங்கே செம்மண் நிறத்தில் ஒரு கோடு தெரிந்தால் தண்ணீர் அந்த உயரத்துக்கு வந்திருக்கிறது. அப்புறம் முன் சீட்டின் அடியில் கையை விட்டு மஞ்சள் நிற ஏர்பேக் கனெக்டரைப் பாருங்கள், பின்னில் பச்சை பூத்திருக்கும். ஸ்டெப்னிக் குழியில் வண்டல், ஹெட்லைட்டுக்குள் காய்ந்த நீர்க்கோடு, சீட் தண்டவாளத்தில் துரு. இவற்றில் இரண்டு சேர்ந்து இருந்தால் பேரம் பேசாதீர்கள், வந்துவிடுங்கள். வெள்ள வண்டி ஒரே தடவையில் சாகாது. ஒரு மாதம் ஜன்னல் ஏறாது, அடுத்த மாதம் ஏ.பி.எஸ். பிரேக் விளக்கு எரியும்.

சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் யாரோ அதை எரியவிடாமல் செய்திருக்கிறார்கள். ஃபியட் இந்தியாவில் கார் விற்பதை நிறுத்திவிட்டதால், உதிரி பாகங்களுக்குப் புதுப்பேட்டையில் அலையத் தயாராக இருந்தால் மட்டும் அபார்த் பக்கம் போங்கள்.

கேள்வி: ‘ஒரிஜினல் ஜி.டி.’ என்று ஒருவர் போலோ விற்கிறார். பேட்ஜ், சிவப்பு ஸ்டிக்கர் எல்லாம் இருக்கிறது. எப்படித் தெரிந்துகொள்வது? (வாசகர், மதுரை)

பதில்: பேட்ஜைப் பார்க்காதீர்கள், ஆர்.சி.யைப் பாருங்கள். அந்தக் காலத்து 1.2 லிட்டர் ஜி.டி. டி.எஸ்.ஐ. 1197 சி.சி., நாலு சிலிண்டர். சாதாரண 1.2 போலோ 1198 சி.சி., மூன்று சிலிண்டர். ஒரே ஒரு சி.சி. வித்தியாசம் என்பதால் அவசரத்தில் யாரும் கவனிப்பதில்லை. மாருதி பெலினோ ஆர்.எஸ். பார்ப்பவர்களுக்கும் இதே வழிதான். டர்போ ஆர்.எஸ். 998 சி.சி., சாதாரண பெட்ரோல் பெலினோ 1197. பம்பரை எந்த டிங்கர் கடையிலும் மாற்றலாம்.

கேள்வி: பெங்களூர் நம்பர் வண்டி ஐம்பதாயிரம் குறைவாகக் கிடைக்கிறது. (வாசகர், ஓசூர்)

பதில்: கிடைக்கும். அங்கிருந்து என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று), இங்கே வரி, மறுபதிவு, நடுவில் ஏஜென்ட் எல்லாம் கூட்டிவிட்டுச் சொல்லுங்கள். லோன் இருந்திருந்தால் பேங்க் பெயர் ஆர்.சி.யிலிருந்து நீங்கிவிட்டதா என்று பரிவாகன் என்ற அரசுத் தளத்தில் பார்த்த பிறகே அட்வான்ஸ் கொடுங்கள். இன்ஷூரன்ஸ் உங்கள் பெயருக்கு 14 நாளில் மாற வேண்டும். கிளெய்ம் கேட்காமல் இருந்ததற்காகப் பழைய ஓனருக்குக் கிடைத்த நோ கிளெய்ம் சலுகை உங்களுக்கு வராது.

கேள்வி: போலோ ஜி.டி.யை வாங்கிச் சின்னச் சின்ன வேலை எல்லாம் முடித்துவிட்டேன். ரீமேப் (எஞ்சின் கம்ப்யூட்டரின் நிரலை மாற்றிச் சக்தியைக் கூட்டுவது) செய்து செட்டிப்பாளையம் பந்தய டிராக்கில் ஓட்ட ஆசை. எங்கே ஆரம்பிப்பது? (வாசகர், பொள்ளாச்சி)

பதில்: பிரேக்கில் ஆரம்பியுங்கள். உங்கள் வண்டியில் பின் சக்கரத்துக்கு டிரம்தான், முன் டிஸ்க்தான் பாரம் சுமக்கிறது. பிரேக் ஆயிலை வாங்கிய அன்றே மாற்றியிருக்க வேண்டும். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், சூடேறினால் அந்த ஈரம் ஆவியாகி பெடல் தரைக்குப் போய்விடும். அப்புறம் டயர். பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 1218 என்றால் 2018இன் பன்னிரண்டாவது வாரம். டயர் பட்டன் தேயாமல் நிறைய இருக்கிறது என்று அதை வைத்துக்கொண்டு டிராக்குக்குப் போகாதீர்கள், ரப்பர் கல்லாகியிருக்கும். முன் லோயர் ஆர்ம் புஷ், எஞ்சின் மவுண்ட், இக்னிஷன் காயில், பிளக் எல்லாம் அதற்கு அடுத்த வரிசை. நேரடி இன்ஜெக்‌ஷன் என்பதால் இன்டேக் வால்வில் பெட்ரோல் படாது, கரி படியும். இழுவை மந்தமாக இருந்தால் மேனிஃபோல்டைக் கழற்றிப் பார்த்துச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.

ரீமேப் கடைசி. அந்த கியர்பாக்ஸ் 250 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசைக்குச் செய்தது. எஞ்சின் கம்பெனியிலிருந்து வரும்போது 175. ரீமேப் செய்பவர்கள் அந்த எல்லைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் விடுவார்கள். பழைய கிளட்ச் மேல் அதை ஏற்றினால், மேலே ஈரோட்டுத் தம்பி எழுதியதை அடுத்த மாதம் நீங்கள் எழுதுவீர்கள். முந்தைய ஓனரே ரீமேப் செய்துவிட்டு அழித்திருக்கவும் வாய்ப்புண்டு. ஈ.சி.யு.வை, அதாவது எஞ்சின் கம்ப்யூட்டரை, எத்தனை முறை எழுதினார்கள் என்ற எண்ணிக்கையை நல்ல ஸ்கேனர் காட்டும், பார்த்துவிடுங்கள்.

டிராக் நாளுக்கு முன்னால் இன்ஷூரன்ஸ் பாலிசியை எடுத்து ‘லிமிடேஷன்ஸ் ஆஸ் டு யூஸ்’ என்ற பகுதியையும் படியுங்கள். பந்தயம், வேகச் சோதனை இரண்டுக்கும் கவரேஜ் கிடையாது என்று அதில் இருக்கும். தடுப்பில் இடித்தால் முழுச் செலவும் உங்களுடையது.