கத்தி வைக்க முடியாது என்றால் கைவிட்டதாக அர்த்தமா?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 64. மஞ்சள் காமாலை என்று போனோம். கல்லீரலின் வலது, இடது பித்தக்குழாய்கள் சேரும் இடத்தில் புற்றுநோய் என்றார்கள். ஆபரேஷன் முடியாது என்று சொல்லி, பிளாஸ்டிக் ஸ்டென்ட் மட்டும் வைத்து அனுப்பிவிட்டார்கள். இரண்டரை மாதத்தில் கண் மறுபடி மஞ்சளாகிவிட்டது. நோய் முற்றிவிட்டதா? கைவிட்டுவிட்டார்களா டாக்டர்?

பதில்: முதலில் அந்த மஞ்சளைப் பார்ப்போம். பிளாஸ்டிக் ஸ்டென்ட் என்பது அடைப்பைத் தாண்டிப் பித்தம் வடிய வைக்கும், பேனா ரீஃபில் கனத்தில் ஒரு குழாய். ஒருமுறை வெளியே எடுத்த ஸ்டென்ட்டை நோயாளியின் மகளிடம் காட்டினேன். உள்ளே பச்சையும் கறுப்புமாகச் சேறு அடைத்திருந்தது. “இதுவா டாக்டர், நாங்கள் கேன்சர் பரவிவிட்டது என்று அழுதோம்!” என்றார். சுமார் மூன்று மாதத்தில் இப்படி அடைவது வழக்கம்தான். அதனால், நோய் வளர்ந்துவிட்டது என்று இப்போதே முடிவுகட்ட வேண்டாம். எண்டோஸ்கோப்பி வழியாகவே மாற்றிவிடலாம். ஆபரேஷன் இல்லை என்று உறுதியான பிறகு உலோக ஸ்டென்ட் வைத்தால் கூடுதலாகத் தாங்கும். எண்டோஸ்கோப்பியால் கீழே குடல் பக்கமிருந்து எட்டவில்லை என்றால், விலா எலும்புகளுக்கு இடையே ஊசி செலுத்திப் பித்தத்தை வடிக்கலாம்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அடைபட்ட பித்தத்தில் கிருமி சேர்ந்தால் சில மணி நேரத்தில் ரத்த அழுத்தம் சரிந்துவிடும்.

சரி, ஆபரேஷன் ஏன் முடியாது? அந்த இடத்தை ஒட்டித்தான் கல்லீரலுக்குப் போகும் தமனியும், குடலிலிருந்து ரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் சிரையும் இருக்கின்றன. கட்டி ஒரு பக்கத்து ரத்தக்குழாயை மட்டும் பிடித்திருந்தால், அந்தப் பக்கத்துக் கல்லீரலோடு சேர்த்து எடுத்துவிடுவோம். இரு பக்கமும் பிடித்திருந்தாலோ, வயிற்று உறையில் பரவியிருந்தாலோ எடுக்க வழியில்லை. திறந்து மூடினால் காயம் ஆறும்வரை கீமோதான் தள்ளிப்போகும். இருபது வருடமாகக் கத்தி பிடிக்கிறேன். திறப்பதைவிடத் திறக்க வேண்டாம் என்று சொல்வதுதான் எனக்குக் கஷ்டம்.

மஞ்சளுக்குக் காரணமான பிலிருபின் என்ற நிறமி ரத்தத்தில் இறங்கியதும் கீமோ. ஜெம்சிடபின், சிஸ்பிளாட்டின் இரண்டையும் மூன்று வாரச் சுற்றில் முதல் நாளும் எட்டாம் நாளும் ஏற்றுவார்கள். 2010இல் வெளிவந்த ஆய்வில், ஜெம்சிடபின் மட்டும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 8.1 மாதம், இரண்டும் பெற்றவர்களுக்கு 11.7. அதாவது பாதிப்பேர் அதைத் தாண்டினார்கள். இப்போது துர்வாலுமாப் போன்ற, உடலின் எதிர்ப்புச் சக்தியைப் புற்றுநோய்க்கு எதிராகத் தூண்டும் இம்யூனோதெரபி மருந்தையும் சேர்க்கிறோம். கூடுதல் பலன் பெரிதல்ல, ஆனாலும் சிலருக்கு நீண்ட நாள் நிற்கிறது. பயாப்சிக்காகக் கட்டியிலிருந்து எடுத்த திசுவில் மரபணுச் சோதனை செய்தார்களா என்றும் கேளுங்கள். எஃப்ஜிஎஃப்ஆர்2, ஐடிஎச்1 என்ற மரபணுக்களில் வரும் மாற்றங்களுக்கு மாத்திரைகள் உண்டு. அந்த மாற்றங்கள் பெரும்பாலும் கல்லீரலுக்குள்ளேயே தோன்றும் வகைப் பித்தக்குழாய்ப் புற்றுநோயில்தான் இருக்கும். அப்பாவுக்கு வாய்ப்புக் குறைவு.

கேள்வி: இதே நோய்க்குக் கல்லீரலையே மாற்றிவிட்டால் என்ன? (இன்னொரு வாசகர்)

பதில்: வெகு சிலருக்கு முடியும். குழாய்கள் சேரும் இடத்தில், 3 செ.மீ.க்குள், வேறெங்கும் பரவாத கட்டியாக இருக்க வேண்டும். முதலில் கதிர்வீச்சும் கீமோவும், அப்புறம்தான் மாற்று. இதில் ஒரு சிக்கல்: வயிற்றுச் சுவர் வழியாகக் கட்டியில் ஊசி குத்திப் பயாப்சி எடுத்திருந்தால், செல்கள் சிதறியிருக்கும் என்று பொதுவாக ஏற்க மாட்டார்கள். அந்த எண்ணம் இருந்தால், ஊசி போடும் முன்பே மாற்று சிகிச்சைக் குழுவிடம் ஸ்கேனைக் காட்டிவிடுங்கள்.