தாத்தாவின் மருந்து டப்பாவும் இணையத்தில் கிடைக்கும் அளவும்

கேள்வி: தாத்தா வைத்திருந்த 12 போர் (குழல் விட்டத்தின் அளவு) இரட்டைக்குழல் துப்பாக்கிக்கு என் பெயரில் லைசென்ஸ் வாங்கிவிட்டேன். பரணில் பித்தளைத் தோட்டாக்கூடுகள், கேப் (கூட்டின் அடியில் இருந்து மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடி) மாட்டும் கருவி, ஒரு அளவுக் கிண்ணம், பாதி வெடிமருந்தோடு ஒரு தகர டப்பா எல்லாம் கிடைத்தன. டப்பாவின் லேபிள் துருப்பிடித்துப் போய்விட்டது. கடையில் தோட்டா விலை கட்டுப்படியாகவில்லை. நானே நிரப்பலாம் என்றால் இணையத்தில் ஆளுக்கு ஓர் அளவு சொல்கிறார்கள். எதை நம்புவது, மருந்தை எப்படி அளப்பது? (மன்னார்குடி பக்கத்திலிருந்து ஒரு வாசகர்)

பதில்: நம்பக்கூடிய அளவு மருந்து தயாரித்த கம்பெனி வெளியிடும் அட்டவணையில்தான் இருக்கும். அமெரிக்காவில் ஹாட்ஜ்டன், அலையன்ட் போன்ற கம்பெனிகள் இதை இலவசமாகவே தருகின்றன. அதில் ஒரு வரியை எடுத்துப் பாருங்கள். மருந்தின் பெயர், கூட்டின் வகை, கேப், மருந்துக்கும் ரவைக்கும் நடுவில் வைக்கும் வாட் என்ற அடைப்பு, ரவையின் எடை எல்லாம் சேர்ந்துதான் ஒரு அளவு. இதில் ஒன்று மாறினாலும் அந்த எண் செல்லாது. உங்கள் டப்பாவில் மருந்தின் பெயரே இல்லை. அப்புறம் எந்த அட்டவணையைப் பார்த்து என்ன பயன்?

கிண்ணம் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அதில் அநேகமாக '3 டிராம்' என்று பொறித்திருக்கும். அது கருமருந்துக்கான, அதாவது புகை கக்கும் பழைய வகை மருந்துக்கான அளவு. டிராம், கிரெய்ன் இரண்டும் பழைய ஆங்கில எடைகள்; மூன்று டிராம் என்றால் சுமார் 82 கிரெய்ன். இன்றைய தோட்டாக்களில் இருக்கும் புகையில்லா மருந்தில் வேலை வேறு, அது கொஞ்சம் போதும். அதே கிண்ணத்தை அதில் முகந்து நிரப்பினால் தேவையைப் போல இரண்டு பங்கு உள்ளே போய்விடும். கடைத் தோட்டாப் பெட்டியிலும் 'டிராம்' என்று ஓர் எண் இருக்கும். அது பழைய கருமருந்துத் தோட்டாவோடு வேகத்தை ஒப்பிடும் எண்தான், உள்ளே இருக்கும் மருந்தின் எடை இல்லை. இந்த ஒரு சொல்லை நம்பிக் கெட்டவர்கள் உண்டு. ஆயுதக் கிடங்கில் வேலை பார்த்த காலத்தில் என் மேசைக்கு ஒரு துப்பாக்கி வந்தது. இடது குழல் வாழைப்பூ மடல் போல விரிந்திருந்தது. பிடித்திருந்தவருக்கு இடது கையில் இரண்டு விரல் போயிற்று. கொண்டுவந்தவர்கள் ஒரு துணிப்பையில் அந்தக் கிண்ணத்தையும் போட்டு எடுத்து வந்திருந்தார்கள்.

நகைக்கடைத் தராசில் நிறுத்தால் சரியாகிவிடும் என்பீர்கள். அந்தத் தராசில் ஒரு பொத்தானை அழுத்தினால் கிராம் கிரெய்னாக மாறிவிடும். ஒரு கிராம் என்பது 15.43 கிரெய்ன். ஒரு குன்றிமணியே ஏறத்தாழ இரண்டு கிரெய்ன் இருக்கும் என்றால் எவ்வளவு சின்ன அளவில் வேலை செய்யப் பார்க்கிறீர்கள் என்று புரியும். காற்றாடி ஓடினாலே தராசில் எண் ஆடும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். துப்பாக்கி வைத்திருக்கும் லைசென்ஸ், தோட்டா தயாரிக்கும் லைசென்ஸ் ஆகாது. 1959 ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு தயாரிப்புக்குத் தனி லைசென்ஸ் கேட்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, மீறினால் குறைந்தது 7 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள். கூட்டில் மருந்து நிரப்புவதெல்லாம் தயாரிப்பா என்று நீதிமன்றத்தில் வாதாடிப் பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள்.

ஒரு விதிவிலக்கை எல்லோரும் குழப்பிக்கொள்கிறார்கள். வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கிக்கு லைசென்ஸ் உள்ளவர் கருமருந்தைக் கிண்ணத்தால் அளந்து குழலில் கொட்டிக் கெட்டிக்கிறார். அந்தத் துப்பாக்கியின் அமைப்பே அப்படி. அங்கே கிண்ணம் சரி, ஏனென்றால் கருமருந்துக்குக் கொள்ளளவே அளவு. 'அவர் நிரப்பலாம், நான் கூடாதா?' என்று கேட்பீர்கள். அவர் குழலில் கெட்டிக்கிறார், தோட்டாக்கூட்டில் நிரப்பவில்லை. அவர் கையில் இருப்பது கருமருந்து. அவரே புகையில்லா மருந்தை அந்தக் குழலில் போட்டால் அவருக்கும் அதே கதிதான். உங்கள் லைசென்ஸில் 12 போர் பின்வழி (பின்பக்கம் திறந்து தோட்டா போடும் வகை) என்று இருந்தால் இந்த விதிவிலக்கை மறந்துவிடுங்கள்.

'கூட்டைக் கொடுங்கள், பாதி விலையில் நிரப்பித் தருகிறேன்' என்று ஓர் ஆள் வருவான். அறுவடை முடிந்து கையில் காசு புரளும் நேரமாகப் பார்த்து வருவான். ரசீது தரமாட்டான், எந்த மருந்து என்று கேட்டால் 'ஃபாரின்' என்பான். வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். விலைக்கு நீங்கள் புலம்புவதில் நியாயம் இருக்கிறது. லைசென்ஸ் புதுப்பிக்க ஒரு கோப்பு, தோட்டா வாங்க திருச்சிக்கு ஒரு நடை, தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைப்பு. என் துப்பாக்கியே ஒரு முறை குழலுக்குள் துருவோடு திரும்பி வந்தது. முறையாக நடப்பவனைத்தான் இந்த ஏற்பாடு அலைக்கழிக்கிறது. அதற்காகக் கைவிரலைப் பணயம் வைக்க முடியுமா?

கடைத் தோட்டா வாங்கும் முன் லைசென்ஸ் உள்ள ரிப்பேர்காரரிடம் துப்பாக்கியைக் காட்டி, குழலில் தோட்டா உட்காரும் அறையின் நீளத்தை அளக்கச் சொல்லுங்கள். தாத்தா காலத்துத் துப்பாக்கிகள் பல 65 மில்லிமீட்டர் தோட்டாவுக்குச் செய்தவை. 70 மில்லிமீட்டர் தோட்டாவும் அதில் நோகாமல் உள்ளே போகும். வெடிக்கும்போதுதான் தோட்டாவின் வாயில் இருக்கும் மடிப்பு விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும். உள்ளே போகிறதே என்று நம்பிச் சுடாதீர்கள்.

டப்பாவை இனித் திறக்க வேண்டாம். புகையில்லா மருந்து கெட்டுவிட்டால் புளித்த, மூக்கில் ஏறும் வாடை அடிக்கும், செம்பழுப்புத் தூள் படியும். நம் ஊர் ஈரத்தில் பல வருடம் பரணில் கிடந்தது நல்ல நிலையில் இருக்கும் என்று எண்ண வேண்டாம். அடுப்பில் போடாதீர்கள், வாய்க்காலில் கொட்டாதீர்கள், பஸ்ஸில் எடுத்துக்கொண்டு போகவும் வேண்டாம். பிள்ளைகள் கை படாத இடத்தில், வெயிலும் நெருப்பும் அண்டாமல் இருக்கட்டும். ஸ்டேஷனுக்கு இரண்டு பிரதியில் எழுதிக் கொடுத்து, அவர்களை வந்து எடுத்துப் போகச் சொல்லுங்கள். 'நாளைக்கு வாங்க' என்பார்கள். நாளைக்கும் போங்கள், ஒரு பிரதியில் முத்திரையும் தேதியும் வாங்காமல் திரும்பாதீர்கள்.