மிளகாய்ச் செடி சுருண்டதற்கு நான் தொட்டதுதான் காரணமாம்

"தொட்டியில் வளர்க்கும் மிளகாய்ச் செடியில் இலையெல்லாம் சுருண்டு, வைத்த பூவும் கொட்டிவிடுகிறது. மாதவிலக்கு நாட்களில் தொட்டதால்தான் இப்படி ஆனது என்று வீட்டில் சொல்கிறார்கள். உண்மையா? செடியைக் காப்பாற்ற என்ன செய்யலாம்?" இதுதான் உங்கள் கேள்வி.

உண்மை இல்லை. பதில் அவ்வளவுதான். ஆனால் இதைப் படித்ததும் எனக்குப் பழைய கோபம் கிளம்பிவிட்டது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதப்போகிறேன். மருந்து மட்டும் போதும் என்பவர்கள் பாதிக்கு மேல் போய்ப் படித்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கல்யாணமாகி மாமனார் மாமியாரோடு ஒரே வீட்டில் இருப்பவர் என்று வைத்துக்கொள்கிறேன். மண் கலந்தது, விதை போட்டது, தினமும் மாடிக்குத் தண்ணீர் தூக்கியது எல்லாம் நீங்களாகத்தான் இருக்கும். இலை சுருண்டதும் தீர்ப்புச் சொன்னவர் அந்தத் தொட்டிப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காதவராக இருப்பார். அப்படி இல்லை என்றால் மன்னித்துவிடுங்கள்.

நான் பரமக்குடிப் பக்கம் ஒரு கிராமத்தில் பிறந்தவள். எங்கள் வீட்டில் குண்டு மிளகாய் விவசாயம். 2023இல் 'ராமநாதபுரம் முண்டு மிளகாய்' என்று புவிசார் குறியீடு வாங்கியதே, அதுதான். வானம் பார்த்த பூமி. புரட்டாசி, ஐப்பசியில் மழையை நம்பி விதைப்பார்கள். தை, மாசியில் பழம் எடுக்க ஆரம்பித்தால் வெயில் ஏறும் வரை பறிப்பு ஓடும். களை எடுப்பது, பழம் பறிப்பது, களத்தில் காயப்போட்டுப் புரட்டுவது, வெளுத்த வற்றலைப் பொறுக்கித் தள்ளுவது எல்லாமே பெரும்பாலும் பெண்கள் வேலைதான். காலையில் காட்டுக்குள் இறங்கும் கூலிப் பெண்களைப் பார்த்து, "யாரெல்லாம் வீட்டுக்குத் தூரம்? அவங்கல்லாம் வரப்பிலேயே நில்லுங்க" என்று எந்தச் சம்சாரியும் சொல்லி நான் கேட்டதில்லை. சொன்னால் பழம் செடியிலேயே வற்றிப்போகும், பறிக்க ஆள் இருக்காது. ஏக்கர் கணக்கில் இருக்கும்போது ஒட்டாத தீட்டு மொட்டைமாடியில் நாலு தொட்டிக்கு மட்டும் எப்படி வந்து ஒட்டுகிறது என்று தெரியவில்லை.

கூலி என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். எங்கள் அப்பா வற்றலை மூட்டை கட்டிக்கொண்டு போகும் மண்டியில், 'சாம்பிள்' என்று சாக்கைப் பிரித்து இரண்டு கையாலும் அள்ளித் தரையில் போடுவார்கள். நிறம் பார்க்க, வாசனை பார்க்க என்று வருகிற வியாபாரி ஒவ்வொருவரும் ஒரு அள்ளு. விலை படிந்தாலும் படியாவிட்டாலும் அந்த மிளகாய் மறுபடி மூட்டைக்குள் போகாது. அதற்கு மேல் சாக்கு எடைக் கழிவு, தரகு. அப்பா வாயே திறக்கமாட்டார். எதிர்த்துப் பேசினால் அடுத்த தடவை நம் மூட்டைக்குக் கடைசியில்தான் விலை வைப்பார்கள் என்ற பயம். குறியீடு வந்தது எங்களுக்கெல்லாம் பெருமைதான். சாக்கைக் குத்திப் பிரிக்கிற கைக்கு அது தெரிய வேண்டுமே. சரி, விடுங்கள்.

கல்யாணமாகி மதுரைக்கு வந்தேன். அம்மா ஒரு சின்ன டப்பாவில் குண்டு மிளகாய் விதை கொடுத்துவிட்டார். அந்த விதையில் வந்த செடிகள்தான் மொட்டைமாடியில் நின்றன. முதல் பறிப்பில் அத்தைக்குத்தான் ரொம்பச் சந்தோஷம். தெருவில் யார் வந்தாலும் மாடிக்குக் கூட்டிப்போய்க் காட்டுவார். மார்கழி முடிகிற வரை ஒரு குறையும் இல்லை. பொங்கலுக்கு நான் ஊருக்குப் போய்விட்டுத் திரும்பி வந்து பார்த்தால் குருத்து இலைகள் எல்லாம் சுருங்கி, குறுகி, கீழ்ப்பக்கமாக மடங்கிக் கிடந்தன. கொழுந்து வெண்கல நிறத்தில் மினுமினுத்தது. பூ மொட்டிலேயே உதிர்ந்திருந்தது.

அத்தை உடனே கேட்டார், "தூரமா இருந்தப்ப மேல போனியா?"

நான் சொன்னேன், "அத்தை, பத்து நாளா நான் ஊர்லயே இல்ல."

யோசித்தார். "அப்ப எதிர்வீட்டுக்காரி வந்திருப்பா."

இதை எழுதுவதால் மாமியாரைத் திட்டுகிறேன் என்று யாரும் கிளம்பி வர வேண்டாம். அவர் எனக்கு நல்லவர்தான். பிரசவத்தின்போது என்னைப் பார்த்துக்கொண்டதில் அம்மாவுக்கு ஒரு படி மேல். அவருக்கு அவருடைய மாமியார் சொன்னதை எனக்குச் சொன்னார், அவ்வளவுதான். ஆனால் பாவம், எதிர்வீட்டு அக்கா ஊறுகாய்க்கு நாலு மிளகாய் கேட்டு வந்ததற்கு அவர் மேல் பழி. இதற்கு ஒரு முடிவு கட்டாமல் விடுவதில்லை என்று தோன்றிவிட்டது.

எங்கள் தெருமுனையில் நகை செய்கிற ஆசாரி ஒருவர் இருக்கிறார். கண்ணில் இடுக்கிக்கொண்டு பார்ப்பாரே, அந்த லென்ஸை ஒரு சாயங்காலம் இரவல் கேட்டேன். எதற்கு என்று கேட்டார். மிளகாய்ச் செடிக்கு என்றேன். ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் கொடுத்தார். சுருண்ட குருத்து ஒன்றைக் கிள்ளி, அடிப்பக்கத்தைத் திருப்பி லென்ஸில் பார்த்தால், நரம்பை ஒட்டி மங்கலான மஞ்சள் நிறத்தில், கண்ணாடித் துளி போல ஏதோ ஓடுகிறது. ஒன்றிரண்டு இல்லை. வெறும் கண்ணுக்குத் தூசியாகக்கூடத் தெரியாது. இதற்குப் பெயர் மஞ்சள் சிலந்தி, சிலர் முரணைச் சிலந்தி என்பார்கள். சிலந்தி என்றாலும் வலை பின்னாது. கொழுந்தில் சாறு உறிஞ்சும். வெதுவெதுப்பான காலத்தில் ஒரு வாரத்துக்குள் முட்டையிலிருந்து அடுத்த தலைமுறை தயாராகிவிடும். அதனால்தான் ஒரு வாரம், பத்து நாளில் செடியே உருமாறிப்போகிறது. வயசுப் பெண்கள் இருக்கிற வீட்டில் எந்தப் பத்து நாளை எடுத்தாலும், அந்தத் தெருவில் யாராவது ஒருத்தி தூரமாகத்தான் இருப்பாள். பழி போட ஆள் கிடைக்காமல் போகவே போகாது.

அத்தையிடம் லென்ஸைக் கொடுத்தேன். கொஞ்ச நேரம் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "அய்யய்யே, பேன் கணக்கா ஓடுது!" என்று இலையைக் கீழே போட்டுவிட்டார். அன்றோடு செடி விஷயத்தில் தீட்டுப் பேச்சு நின்றது. ஊறுகாய் ஜாடி விஷயத்தில் இன்னும் நிற்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், முழு வெற்றி என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

சாஸ்திரத்தில் இருக்கிறது என்று சண்டைக்கு வருபவர்களுக்கு ஒன்று. மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி. போர்ச்சுகீசியர்கள் கப்பலில் கொண்டுவந்து இங்கே பரவியது, 16ஆம் நூற்றாண்டுக்கு முன் நம் அடுப்படியில் மிளகுதான் காரம். நேற்று வந்த செடிக்கு எந்தச் சாஸ்திரத்தில் விதி எழுதி வைத்தார்கள்? விஞ்ஞானமே சொல்கிறது என்பவர்களும் இருக்கிறார்கள். 1920இல் வியன்னாவில் பேலா ஷிக் என்ற டாக்டர், வேலைக்காரப் பெண் கையில் கொடுத்த ரோஜாக்கள் மறுநாள் வாடிவிட்டன, அவளுக்கு அப்போது மாதவிலக்கு, ஆகவே அதில் ஒரு நஞ்சு இருக்கிறது என்று எழுதினார். தொண்டை அடைப்பான் நோய்க்கான பரிசோதனைக்குத் தன் பெயரையே கொடுத்த பெரிய டாக்டர்தான். ஆனால் அப்படி ஒரு நஞ்சை யாரும் பிரித்தெடுத்துக் காட்டவில்லை, அந்தக் கருத்து நிலைக்கவும் இல்லை. பறித்த ரோஜா மறுநாள் வாடுவதற்கு டாக்டர் எதற்கு?

இப்போது உங்கள் செடிக்கு வருகிறேன். முதலில் இலை எந்தப் பக்கம் சுருள்கிறது என்று பாருங்கள். எங்கள் வீட்டுச் செடி போலக் கீழ்ப்பக்கம் மடங்கி, இலைக்காம்பு நீண்டு, கொழுந்து வெண்கல நிறமாக இருந்தால் சிலந்தி. ஓரங்கள் மேல்நோக்கி மடங்கி, இலை குழிந்து நின்றால் இலைப்பேன். அதற்கு லென்ஸ்கூட வேண்டாம். வெள்ளைக் காகிதத்தைக் கீழே பிடித்து குருத்தையும் பூவையும் தட்டுங்கள், மெல்லிசாக, மஞ்சளாகவோ கறுப்பாகவோ ஊர்ந்து போகும். மூன்றாவதுதான் மோசம். இலை சிறுத்து, கொப்புளித்து, கணுக்கள் நெருங்கி, செடி வளராமல் குட்டையாகவே நிற்கும், தொட்டால் வெள்ளை ஈ பறக்கும். அது வைரஸ். அதற்கு மருந்து கிடையாது. பிடுங்கி ஒரு பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். ஆசையாக வளர்த்தோமே என்று வைத்திருந்தால் பக்கத்துத் தொட்டிக்கும் போய்விடும். இதைச் சொன்னால் ஈவு இரக்கம் இல்லாதவள் என்பார்கள். சொல்லட்டும்.

முதல் இரண்டும் என்றால் பிழைக்க வைக்கலாம். ரொம்பச் சுருண்ட நுனிகளைக் கிள்ளி எறியுங்கள், அது மறுபடி நிமிராது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கூடவே கரைவதற்குக் கொஞ்சம் காதி சோப்புக் கரைசல். வெயில் தாழ்ந்த பிறகு, இலையின் அடிப்பக்கம் நனையும்படி அடிக்க வேண்டும். மேலே மட்டும் தெளித்துவிட்டு மருந்து கேட்கவில்லை என்று சொல்பவர்கள்தான் அதிகம். ஐந்தாறு நாள் இடைவெளியில் மூன்று முறையாவது அடியுங்கள், ஏனென்றால் முதல் தடவை தப்பிய முட்டைகள் பொரிந்துவிடும். சிலந்திக்கு நனையும் கந்தகத் தூளும் நன்றாகக் கேட்கும், பாக்கெட்டில் போட்ட அளவுக்கு மேல் வேண்டாம். ஆனால் வேப்பெண்ணெய் அடித்து இரண்டு வாரம் ஆகாமல் கந்தகம் அடித்தால் இலை கருகும், கடும் வெயில் நாளில் அடித்தாலும் கருகும். இரண்டில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ரசாயன மருந்து அடித்தால் சீக்கிரமே தீருமே என்று யாராவது வருவார்கள். தீரும். எங்கள் ஊர்க் காட்டிலும் அடிக்கிறார்கள், நான் மறுக்கவில்லை. நாலு தொட்டிச் செடியில் காலையில் பறித்து மத்தியானம் சட்னி அரைக்கிற வீட்டுக்கு அது சரிப்படாது என்பதுதான் என் கட்சி.

பூ கொட்டுவது தனிக் கதை. பூச்சி ஒரு காரணம். இன்னொன்று வெயில். பகலில் 35 டிகிரியைத் தாண்டி, ராத்திரியும் புழுக்கமாகவே இருந்தால் மிளகாய் பூவைத் தங்கவிடாது. மதுரையில் சித்திரை, வைகாசியில் நீங்கள் என்ன ஊற்றினாலும் அதுதான் நிலைமை. பச்சை நிழல்வலை ஒன்று கட்டுங்கள், மத்தியான வெயில் தொட்டியின் மேல் நேராக விழாமல் இருந்தால் போதும். ஒருநாள் காயவிட்டு மறுநாள் குளமாக ஊற்றுவதும் பூவைக் கொட்டும். அப்புறம் உரம். செடி கரும்பச்சையாக, மொத்த இலையோடு, ஆளுயரம் நின்று காய் மட்டும் இல்லை என்றால் தழைச்சத்து அதிகம் போட்டிருக்கிறீர்கள். யூடியூபைப் பார்த்து வாரம் ஒரு டீத்தூள், வாரம் ஒரு புண்ணாக்குக் கரைசல் என்று ஊற்றுபவர்கள் வீட்டில் இதுதான் நடக்கிறது. ஒரு மாதம் எதுவும் போடாமல் விட்டுப் பாருங்கள். தேமோர்க் கரைசல் அடிக்கலாம். தேங்காய்ப் பாலையும் மோரையும் கலந்து ஒரு வாரம் புளிக்க வைத்து, ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர் சேர்த்துத் தெளிப்பது. எங்கள் வீட்டில் அடித்த பிறகு பூ நின்றது. அடிக்காவிட்டாலும் நின்றிருக்குமோ என்று கேட்டால், அந்த வாரம் வெயிலும் குறைந்திருந்தது, ஆகவே சத்தியம் செய்யமாட்டேன்.

ஆர்.ஓ. இயந்திரத்தில் வெளியேறுகிற தண்ணீரை வீணாக்க வேண்டாமே என்று செடிக்கு ஊற்றும் பழக்கம் இருந்தால் நிறுத்துங்கள், அதில் உப்பு கூடுதல். கோகோபீட் என்கிற தேங்காய் நார்த் துகளையும் நன்றாக அலசாமல் போட்டால் அதே உப்புப் பிரச்சினை வரும், இலை ஓரம் காயும்.

விதைக்குக் கடை வற்றலைப் பயன்படுத்தலாமா என்று அடுத்து கேட்பீர்கள். முளைக்கும். ஆனால் பழைய வற்றலாக இருந்தால் முளைப்பு குறையும். வீரிய ஒட்டு ரகமாக இருந்தால் தாய்ச் செடி போலக் காய்க்கும் என்று எதிர்பார்க்க முடியாது. குண்டு மிளகாய் வற்றல் கிடைத்தால் அதையே உடைத்துப் போடுங்கள். விதைத்து ஒன்று, இரண்டு வாரத்தில் முளைக்கும், நாற்பது நாளுக்கு மேல் ஆன நாற்றைத் தொட்டிக்கு மாற்றலாம். ஆடிக்குப் பிறகு ஆரம்பித்தால் பூக்கும்போது வெயில் தணிந்திருக்கும். இப்போது இருக்கும் செடி சிலந்தியால்தான் கெட்டது என்றால் பிடுங்க வேண்டாம், ஆடியில் பாதிக்கு வெட்டிவிடுங்கள், துளிர்த்து மறுபடி காய்க்கும்.

எந்த வகைச் சுருட்டை என்று புரியவில்லை என்றால் பின்னூட்டத்தில் படம் போடுங்கள். இலையின் மேல்பக்கத்தை எடுத்துப் போடாதீர்கள், அதில் ஒன்றும் தெரியாது. குருத்தைத் திருப்பி அடிப்பக்கத்தைக் கிட்டத்தில் வைத்து எடுங்கள். எந்த நாளில் வேண்டுமானாலும் எடுக்கலாம்.