வால் கடிப்பதா, வால் கடிக்க வைப்பதா? பன்றிக் கொட்டகை பற்றிச் சில கேள்விகள்

மலேசியாவின் பந்திங் தோட்டப்புறத்திலிருந்து வந்த கேள்விகள் இவை. தஞ்சோங் செப்பாட் பக்கத்துப் பண்ணைகளில் 26 ஆண்டுகள் வேலை பார்த்த அனுபவத்தில் பதில் சொல்கிறேன்.

கேள்வி: அண்ணா, என் பட்டியில் 12 பன்றிகள். ஒன்று மற்றதன் வாலைக் கடித்துப் புண்ணாக்குகிறது. அதை விற்றுவிடலாமா?

பதில்: தம்பி, முதலில் கடிப்பதையும் கடிபட்டதையும் தனித்தனியே பிரியுங்கள். ரத்தம் கண்டால் மற்றவையும் கடிக்க வரும். ஆனால் அதோடு விட்டால் அடுத்த மாதம் வேறொன்று தொடங்கும். மூக்கால் மண்ணைக் கிளறி இரை தேடப் பிறந்த விலங்கு அது. வெறும் சிமெந்துத் தரையில் கிளற என்ன இருக்கிறது? பக்கத்துப் பன்றியின் வால்தான். லாலாங் புல்லை அறுத்துப் போடுங்கள். தேங்காய் மட்டையைக் கயிற்றில் கட்டி வாய்க்கு எட்டும்படி தொங்கவிடுங்கள். மென்றால் சிதைகிற பொருளாக இருக்க வேண்டும். இரும்புச் சங்கிலி சீக்கிரம் சலித்துவிடும். நெரிசல், தீனித்தொட்டியில் இடப்போட்டி, தீவனத்தில் உப்புக் குறைவு ஆகியவற்றையும் பாருங்கள். 85 முதல் 110 கிலோ வரையுள்ள பன்றிக்கு ஐரோப்பிய ஒன்றியம் வைத்திருக்கும் குறைந்தபட்ச இடம் 0.65 சதுர மீட்டர். நம் வெயிலுக்கு அது போதாது என்பது என் எண்ணம். சூட்டில் பன்றி ஒன்றையொன்று தொடாமல், கால் நீட்டிப் படுக்கவே பார்க்கும்.

கேள்வி: ஐயா, சாணத்திலேயே புரள்கிறதே, அசுத்தப் பிராணிதானே?

பதில்: இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனம் நோகிறது, அம்மா. இடம் கொடுத்துப் பாருங்கள், படுக்கும் மூலையை விட்டுத் தள்ளிப் போய்த்தான் கழியும். வியர்த்து உடல் தணியும் கொடுப்பினை பன்றிக்கு இல்லை. தகரக் கூரை கொதிக்கும்போது வேறு ஈரம் கிடைக்காமல்தான் அதில் படுக்கிறது. நீர் தெளியுங்கள், ஒரு சேற்றுக்குழி வெட்டிக் கொடுங்கள். மதியம் இரண்டு மணிக்கு உள்ளே போய்க் கால் மணி நேரம் குந்தியிருங்கள். உங்கள் கண் எரிந்தால் அது அம்மோனியா. அவை இரவும் பகலும் அதைத்தான் சுவாசிக்கின்றன.

கேள்வி: சினைப்பன்றியைக் கம்பிக் கூண்டில் அடைப்பது தவறா?

பதில்: தவறு. சினைக்காலம் மூன்று மாதம், மூன்று வாரம், மூன்று நாள். அத்தனை நாளும் திரும்பக்கூட முடியாமல் கம்பியைக் கடித்துக்கொண்டு, வெறும் வாயை மென்றுகொண்டு நிற்கும். பிரிட்டன் 1999-இல் இதைத் தடை செய்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2013 முதல், சினையாகி நான்கு வாரம் கழிந்தபின் கூட்டமாகத்தான் வைக்க வேண்டும். ஈனும் நேரத்துக் கூண்டு வேறு விஷயம். குட்டிகள் நசுங்காமலிருக்க வைக்கிறார்கள். ஆனால் ஈனுவதற்கு முந்தைய நாள் அந்தத் தாய் கூடு கட்டத் தவித்து, வெறும் சிமெந்தைக் காலால் பறிக்கும். ஒருமுறை ஒரு கை உலர்ந்த புல்லைப் போட்டேன். ஒவ்வொரு கற்றையாக வாயில் கவ்வி அடுக்கத் தொடங்கியது. அந்தக் காட்சியை என்னால் மறக்க முடியவில்லை.

கேள்வி: நிழலுக்காக ரம்புத்தான் மரத்தடியில் பட்டி கட்டலாமா?

பதில்: கட்டவே வேண்டாம். பட்டியருகே பழமரம், மரத்தில் பழ வௌவால், அது கடித்துப் போட்ட பழம் பன்றியின் வாயில்: 1998-99-இல் நிப்பா கிருமி பன்றிக்கு வந்த வழி இதுதான் என்கிறார்கள் ஆய்வாளர்கள். பன்றியிலிருந்து மனிதருக்கும் தொற்றி, மலேசியாவில் 105 பேர் இறந்தார்கள். 10 லட்சத்துக்கு மேற்பட்ட பன்றிகள் கொன்று புதைக்கப்பட்டன. நிழல்தான் வேண்டுமென்றால் கூரைமேல் செம்பனை ஓலையைப் பரப்புங்கள், காய்ந்து உதிர்ந்ததும் மாற்றுங்கள்.