பெர்சோனாவும் பயனர் ஆய்வும்: கேள்வி பதில்

வித்யா: நாலு பெர்சோனா (ஒவ்வொரு வகைப் பயனருக்கும் ஒரு மாதிரி ஆள்) போட்டாச்சு மேடம். படம், வயது, பொழுதுபோக்கு எல்லாம் இருக்கு. டிசைன் பண்ணும்போது யாரும் திறந்துகூடப் பார்ப்பதில்லை. எங்கே தப்பு?

"வயது 32, காபி பிடிக்கும்" என்பதை வைத்துத் திரையில் எதை மாற்றுவீர்கள்? மென்பொருள் வடிவமைப்பாளர் ஆலன் கூப்பர் 1999-ல் பெர்சோனாவைப் பற்றி எழுதியபோதே, பயனரின் இலக்கைத்தான் முன்னால் வைத்தார்.

கரன்ட் பில் கட்டும் ஆப் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் மூன்று வீடு வாடகைக்கு விட்டிருக்கிறார். மூன்று சர்வீஸ் நம்பரையும் காலண்டர் ஓரத்தில் எழுதி வைத்து, எது மாடி, எது கீழ்வீடு என்று ஒவ்வொரு முறையும் தேடுகிறார். இன்னொருவருக்கு ஒரே இணைப்பு. வெளியூரில் இருக்கும் மகன் கட்டிவிடுவான், 'கட்டியாச்சு' என்ற செய்தி வந்தால் போதும். முதலாமவருக்கு இணைப்புக்குப் பெயர் வைக்கும் வசதி வேண்டும். இரண்டாமவருக்கு ஆப்பே வேண்டாம். வயதோ இருவருக்கும் 60!

செய்முறை: யார் கட்டுகிறார், எத்தனை இணைப்பு, கெடு தேதி எப்படி நினைவுக்கு வருகிறது என்று ஆறேழு நடத்தைகளை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு போடுங்கள் (ஒரு முனையில் 'ஒரே இணைப்பு', மறுமுனையில் 'பல இணைப்பு' என்பதுபோல). பேட்டி கொடுத்த எல்லோரையும் அந்தக் கோடுகளில் புள்ளி வையுங்கள். பல கோடுகளில் சேர்ந்தே விழுகிறவர்கள் ஒரு பெர்சோனா. பேட்டியில் ஆதாரம் இல்லாத வரியைப் பெர்சோனாவிலிருந்து அடித்துவிடுங்கள்.

குமார்: சராசரி பயனர் ஒருவரை மட்டும் வைத்தால் போதாதா?

1950-ல் அமெரிக்க விமானப்படை 4,063 விமானிகளை அளந்தது. விமானி அறைக்கு முக்கியமான 10 அளவுகளிலும் சராசரி வரம்புக்குள் வந்தவர் ஒருவர்கூட இல்லை.

ஷாலினி: "இந்த வசதி வந்தா யூஸ் பண்ணுவீங்களா?" என்று கேட்டோம். எல்லோருமே ஆமாம் என்றார்கள்.

சொல்லத்தான் செய்வார்கள், எதிரில் உட்கார்ந்திருப்பவர் மனசு நோகக் கூடாதே. "கடைசியா எப்போ கட்டினீங்க? போனில் செஞ்சு காட்டுங்க" என்று கேளுங்கள். வருங்காலம் பற்றிக் கேட்காதீர்கள்.

முரளி: ஆப்பைப் பயனர் கையில் கொடுத்துப் பார்க்கும் சோதனைக்கு எத்தனை பேர்?

ஐந்து.

கணேஷ்: அந்த ஐந்து எங்கிருந்து வந்தது? ஊரே கிளிப்பிள்ளை மாதிரிச் சொல்கிறது.

நியாயமான சண்டை. பயன்பாட்டு ஆய்வாளர்கள் நீல்சனும் லாண்டவரும் 1993-ல் போட்ட கணக்கு. ஒரு பிரச்சினையில் ஒரு பயனர் தடுக்கி விழ சராசரியாக 31% வாய்ப்பு என்றால், ஐந்து பேரில் சுமார் 85% பிரச்சினைகள் தெரிந்துவிடும்.

கணேஷ்: அந்த 31% எல்லா ஆப்புக்கும் பொருந்துமா?

பொருந்தாது. 10% என்று வைத்தால் ஐந்து பேரில் 41% தான் சிக்கும். 85%-ஐ எட்ட 18 பேர் வேண்டும். அதோடு ஐந்து என்பது ஒரு வகைப் பயனருக்கு. வீட்டுக்காரர் மூன்று பேர், வெளியூரிலிருந்து கட்டும் மகன் இரண்டு பேர் என்று கலந்தால் கணக்கு உடைந்தது. ஆனால் 18 பேரை ஒரே மூச்சில் உட்கார வைக்காதீர்கள். முதல் ஐந்து பேரில் நாலு பேர் ஒரே பட்டனில் மாட்டினால், அதைத் திருத்திவிட்டு அடுத்த ஐந்து பேரைக் கூப்பிடுங்கள்.

பிரியா: மேடம், எங்கள் ஆப்பில் இந்த வசதி வேண்டுமா என்று 500 பேரிடம் சர்வே எடுக்கலாமா?

ஷாலினிக்குச் சொன்னதே. ஆள் கூடினால் பதில் மாறாது.

தினேஷ்: சோதனைக்கு எத்தனை பேர் போதும்?

மேலே படிங்க தம்பி.