சிறுவயதில் பட்டாசு வைத்து நீங்கள் செய்த ஆபத்தான சோதனை எது? இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறதா?

இந்தக் கேள்விக்கு வந்திருக்கும் பதில்களை எல்லாம் படித்தேன். பாட்டிலைச் சாய்த்து வைத்து ராக்கெட்டை ஜன்னலுக்குள் விட்டவர், பொம்மைக் காருக்கு அடியில் வெடியைக் கட்டியவர், கையிலேயே பற்ற வைத்துத் தூக்கிப் போட்டவர் என்று எல்லோரும் சிரித்துக்கொண்டே எழுதியிருக்கிறார்கள். நல்லது, அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

கேள்வி கேட்டவரின் வீட்டில் பத்துப் பன்னிரண்டு வயதில் ஒரு பையனோ பெண்ணோ இருக்க வேண்டும். ஏதோ ஒன்றைப் பிரித்துப் போட்டு, கையெல்லாம் கரியாக வந்து நின்றிருக்க வேண்டும். திட்டுவதா, தட்டிக்கொடுப்பதா என்று குழம்பித்தான் இப்படிக் கேட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அப்படி இல்லையென்றாலும் படியுங்கள்.

எனக்கு அப்போது 14 வயது, தம்பிக்கு 10. நீண்ட விடுமுறை. வீட்டுக்குப் பின்னால் கொஞ்ச தூரத்தில் ஒரு காலி மனை. வெடியின் மேல் தகர டப்பாவைக் கவிழ்த்து வைத்தால் அது பறக்கும் என்பது எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரிந்ததுதான். எவ்வளவு உயரம் பறக்கிறது என்பதுதான் எங்களுக்குத் தெரிய வேண்டியிருந்தது. இதைச் சொல்லும்போது இன்றைக்கும் எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது, மறைக்கப் போவதில்லை. அந்த வருடம்தான் பள்ளியில் தடையின்றி விழும் பொருளின் கணக்கைப் படித்திருந்தேன். மேலே போக எவ்வளவு நேரமோ, கீழே வரவும் அவ்வளவு நேரம். ஆகவே டப்பா காற்றில் இருந்த மொத்த நேரம் தெரிந்தால் போதும். அந்த விநாடிக் கணக்கை அதே எண்ணால் பெருக்கி, பிறகு 1.22-ஆல் பெருக்கினால் மீட்டரில் உயரம் வந்துவிடும். இரண்டு விநாடி என்றால் கிட்டத்தட்ட 4.9 மீட்டர், மூன்று விநாடி என்றால் 11. காற்றின் தடையால் உண்மையான உயரம் கொஞ்சம் குறையும், அது எனக்கு அப்போது தெரியாது.

என் கையில் ஸ்டாப்வாட்ச் வைத்த டிஜிட்டல் கடிகாரம். தம்பிதான் திரியைப் பற்ற வைப்பான், ஏனென்றால் அவன்தான் வேகமாக ஓடுவான். ஒரு நோட்டில் கோடு போட்டு டப்பாவின் அளவு, நேரம், உயரம் என்று மூன்று கட்டம். பதினேழு முறை எழுதியிருந்தோம். அதிகபட்சம் 2.8 விநாடி, 9.6 மீட்டர். ஏறக்குறைய மூன்று மாடி உயரம்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நான் 20 மீட்டர் வேண்டும் என்றேன். அதற்கு நான்கு விநாடி வேண்டும். இன்னும் ஒன்றேகால் விநாடிதானே என்று பட்டது. நேரம் அவ்வளவுதான் கூடும், ஆனால் உயரம் இரண்டு மடங்கு, அதற்கு வேண்டிய ஆற்றலும் இரண்டு மடங்கு என்பது என் மண்டையில் ஏறவில்லை. கடை வெடி போதாது என்று முடிவு செய்து, நமத்துப்போன வெடிகளின் மருந்தைச் சேர்த்து நாங்களே ஒன்று செய்தோம். எப்படிச் செய்தோம் என்று எழுத மாட்டேன், பின்னூட்டத்தில் கேட்டாலும் சொல்ல மாட்டேன். எங்கே தப்பு என்பதை மட்டும் சொல்கிறேன். மருந்தைத் திறந்த இடத்தில் கொளுத்தினால் புஸ்ஸென்று எரிந்து அடங்கும். அதையே அடைத்து வைத்தால், வரும் வாயுவுக்குப் போக வழியில்லாமல் அழுத்தம் ஏறும். அழுத்தம் ஏற ஏற எரிவதும் வேகமாகும். கடைசியில் எது பலவீனமோ அது கிழியும். கடை வெடியைக் காகிதத்தில் சுற்றுவதற்கு ஒரு காரணம் உண்டு. காகிதத் துண்டு லேசு, நாலடி போவதற்குள் வேகம் செத்துவிடும். நாங்கள் மூடி போட்ட தகர டப்பாவை எடுத்துக்கொண்டோம்.

தம்பி திரியைப் பற்ற வைத்துவிட்டு ஓடி வந்தான். நான் பொத்தானை அழுத்தினேன். புகை கொஞ்சம் வந்தது, பிறகு நின்றுவிட்டது. கடிகாரத்தில் 30 விநாடி, 40 விநாடி. "போய்ப் பாருடா" என்றேன். அவன் என் முகத்தைப் பார்த்தான். கடிகாரம் என் கையில் இருக்கிறதே, நான் எப்படிப் போவது என்று சொன்னேன். இதே வார்த்தைகளைத்தான் சொன்னேன்.

அவன் போனான். இரண்டடி தள்ளி நின்று குனிந்து பார்த்தான். பிறகு தலையை என் பக்கம் திருப்பி, "அண்ணா, அணைஞ்சிருச்சு" என்றான். அதனால்தான் வலது காது டப்பாவின் பக்கம் இருந்தது.

சத்தம் எனக்கு நினைவில்லை. அவன் உட்கார்ந்திருந்ததுதான் நினைவிருக்கிறது. யாரோ தோளைப் பிடித்து உட்கார வைத்த மாதிரி, கால்களை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வலது புருவத்துக்கு மேலே மூடியின் விளிம்பு கிழித்திருந்தது. ரத்தம் முதலில் வரவில்லை, வெள்ளையாக ஒரு கோடு தெரிந்தது, அப்புறம் மொத்தமாக வந்தது. கண்ணுக்கும் காயத்துக்கும் நடுவில் ஒரு விரல் அகலம் இருக்கலாம்.

திரி அணைந்தது மாதிரிதான் தெரியும். உள்ளே நூலிலோ காகிதத்திலோ கங்கு மெதுவாக ஊர்ந்துகொண்டிருக்கும், மருந்து தொட்டவுடன் வெடிக்கும். வெடிக்காத வெடியின் பக்கத்தில் உடனே போகவே கூடாது, அரை மணி நேரமாவது விட்டுவிட்டு, பிறகும் தள்ளி நின்றே தண்ணீரை ஊற்றி நனைக்க வேண்டும் என்பதெல்லாம் நான் பெரியவனான பிறகு தெரிந்துகொண்டது.

இதற்குப் பிறகு செய்ததுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது. கல்லில் விழுந்துவிட்டான் என்று வீட்டில் சொன்னோம். சொல்லச் சொன்னது நான். நான்கு தையல் போட்டார்கள். அன்று ராத்திரி, "அண்ணா, காதுக்குள்ள பூச்சி கத்துது" என்றான். தூங்கினால் சரியாகிவிடும், யாரிடமும் சொல்லாதே என்றேன். படுத்துக்கொண்டே கடிகாரத்தைப் பார்த்தேன், ஸ்டாப்வாட்சை நான் நிறுத்தவே இல்லை. ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஓடியிருந்தது.

இரண்டு வருடம் கழித்துப் பள்ளியில் காது பரிசோதனை செய்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. வலது காதில் உயர்ந்த சுருதி ஒலிகள் கேட்கவில்லை. உள்காதில் மயிரிழை போன்ற செல்கள் இருக்கின்றன. 140 டெசிபலுக்கு மேலே போகும் ஒரே ஒரு வெடிச்சத்தம் போதும், அவை நசுங்கிப் போகும். மனிதர்களுக்கு அவை மறுபடி முளைப்பதில்லை. உடனே காட்டியிருந்தால் மருந்து கொடுத்துப் பார்த்திருக்கலாம், பலன் இருந்திருக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். அந்த இரண்டாவது பாதியைத்தான் நான் இத்தனை வருடமாகப் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

காது கேட்காது என்றால் ஒரேயடியாக நிசப்தம் என்று நினைக்காதீர்கள். பேச்சு கேட்கும், சொல் பிடிபடாது. அந்தப் பக்கத்திலிருந்து யாராவது பேசினால் 'பசி' என்றார்களா, 'படி' என்றார்களா என்று அவனுக்குத் தெரியாது. அவன் "என்ன?" என்று கேட்டால், முக்கால்வாசிப் பேர் "ஒண்ணுமில்ல, விடு" என்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள். இன்னொரு தடவை சொல்ல இரண்டு விநாடி ஆகுமா?

பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். போன வருடம் ஒரு வங்கியில் அவனுடைய முகவரியை மாற்ற வேண்டியிருந்தது. போனில் பேசித்தான் உறுதி செய்வோம் என்றார்கள். இரைச்சலுக்கு நடுவில் கடகடவென்று பேசினால் எனக்குப் புரியாது, மின்னஞ்சலில் கேளுங்கள் என்று மூன்று முறை எழுதினான். மூன்று முறையும், உங்களைப் போனில் தொடர்புகொள்ள முயன்றோம், நீங்கள் ஒத்துழைக்கவில்லை என்று பதில் வந்தது. ஒத்துழைக்கவில்லையாம்! எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு மனிதனுக்கு எழுத்தில் பதில் சொல்வதில் என்ன கஷ்டம்? இயந்திரக் குரல் ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று பின்னணியில் இசையோடு சொல்லிக்கொண்டே போகிறது. வடிவமைத்தவர்கள் யாருமே ஒரு காதைப் பொத்திக்கொண்டு அதைக் கேட்டுப் பார்த்ததில்லை போலிருக்கிறது. சரி, கேள்விக்கு வருகிறேன்.

இப்படி எழுதினால் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். பட்டாசே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பிள்ளைகளைப் பூட்டி வைத்து வளர்க்கவும் சொல்லவில்லை. "நாங்களும்தான் செய்தோம், எங்களுக்கு என்ன ஆகிவிட்டது" என்பவர்களுக்கு ஒன்று: ஆனவர்கள் இங்கே வந்து எழுதுவதில்லை. என் தம்பி இந்தத் தளத்தில்தான் இருக்கிறான், இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டுத் தாண்டிப் போய்விட்டான். அப்புறம், விஞ்ஞானிகள் இப்படித்தான் உருவாகிறார்கள் என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். ராபர்ட் புன்சன் பெரிய வேதியியலாளர், 1843-இல் ஆய்வகத்தில் நடந்த வெடிப்பில் வலது கண்ணின் பார்வை போனது. டைனமைட்டைக் கண்டுபிடித்த ஆல்ஃபிரட் நோபலின் தம்பி எமில், 1864-இல் ஸ்டாக்ஹோமில் அவர்களுடைய வெடிமருந்துக் கூடம் வெடித்தபோது இறந்தார். விஷயம் தெரிந்தவர்களின் நிலையே அது. நாங்கள் ஒரு நோட்டையும் கடிகாரத்தையும் வைத்துக்கொண்டு தெரியும் என்று நினைத்தோம்.

உங்கள் வீட்டுப் பிள்ளையைத் திட்ட வேண்டாம். என்ன அளக்கப் பார்க்கிறாய் என்று கேளுங்கள். எங்களை அன்றைக்கு யாராவது அப்படிக் கேட்டிருந்தால் நான் நோட்டை எடுத்துக்கொண்டு ஓடி வந்து காட்டியிருப்பேன். கேட்காததால்தான் காலி மனைக்குப் போனோம் என்று பழியை வேறு யார் மேலும் போடவில்லை. தம்பியை அனுப்பியது நான்.

போன மாதம் பரண்மேலிருந்து அந்த நோட்டு கிடைத்தது. பதினெட்டாவது வரியில் டப்பாவின் அளவு மட்டும் இருக்கிறது, மற்ற இரண்டு கட்டமும் காலி. தம்பியின் மகன் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "பெரியப்பா, இந்த 1.22 எங்கிருந்து வந்தது?" என்று கேட்டான். மூன்று பேரும் வெளியே போனோம். ஒரு ரப்பர் பந்து. நான் மேலே எறிந்தேன், தம்பி நேரம் பார்த்தான், பையன் எழுதினான். முதல் எறிதல் இரண்டு விநாடி. பையன் விரல்விட்டுப் பெருக்கி, "நாலு புள்ளி எட்டு எட்டு" என்றான். வலது பக்கத்தில் நின்று சொன்னதால் தம்பிக்குச் சரியாகக் கேட்கவில்லை. பையன் சுற்றிக்கொண்டு இடது பக்கம் வந்து நின்று, இன்னொரு தடவை சொன்னான்.